ஒரு சொல்லின் விலை
ஸ்டீபன் டக்ளஸ் (1813 – 1861)

ஒரு சொல் இரு பொருள் தந்து நிற்பதைச் சிலேடை என்று தமிழ் அணியிலக்கணம் போற்றும். கவிதையில் அதற்கு இடம் உண்டு. கேட்போர் இரு பொருளையும் ஒருங்கே உணர்ந்து மகிழ்வர். அரசியலில் வேறொரு வகைச் சிலேடை வழங்குகிறது. அங்கே ஓர் அவையினர் ஒரு பொருளை மட்டுமே கேட்பர். மற்றோர் அவையினர் மற்றொரு பொருளை மட்டுமே கேட்பர். இரு சாராரும் சொன்னவனைத் தம்மவன் என்றே நம்புவர். அவ்விரு அவைகளும் ஒரே பந்தலின்கீழ் வந்து சேரும் நாளில், அந்தச் சொல்லுக்குரிய விலையைச் சொன்னவன் கொடுத்தாக வேண்டும்.

அமெரிக்க செனட் சபையில் 14 ஆண்டுகள் வீற்றிருந்த ஸ்டீபன் அர்னால்டு டக்ளசின் வாழ்க்கை அத்தகைய விலையின் வரலாறு. ஆபிரகாம் லிங்கனின் எதிராளி என்ற அளவிலேயே உலகம் இன்று அவரை நினைவில் வைத்திருக்கிறது. 1858இல் நிலைமை நேர்மாறானது. நாடெங்கும் அறியப்பட்டவர் டக்ளஸ். அவரை எதிர்த்து நின்ற வழக்கறிஞர் என்பதாலேயே லிங்கன் பெயர் வெளியே தெரிந்தது.

இளமையும் எழுச்சியும்

1813ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் வெர்மான்ட் மாநிலத்துப் பிராண்டன் என்னும் சிற்றூரில் டக்ளஸ் பிறந்தார். தந்தை மருத்துவர். குழந்தைக்குச் சில மாதங்கள்கூட நிறையாத நிலையில் அவர் காலமானார். பதினைந்தாம் வயதில் மேசை, பெட்டி செய்யும் தச்சரிடம் தொழில் பழகச் சென்ற சிறுவன், பின்னர் நியூயார்க் மாநிலத்தில் சட்டம் பயின்றான். 1833இல், இருபது வயதில், மேற்றிசை நோக்கிப் புறப்பட்டான். கையிருப்பு ஏறக்குறையத் தீர்ந்த நிலையில் இல்லினாய் மாநிலத்து வின்செஸ்டர் என்னும் ஊரை அடைந்து, நாற்பது மாணவர்களைச் சேர்த்து ஒரு பள்ளி நடத்திப் பிழைத்தான்.

அதன் பின்னர் ஏற்பட்ட உயர்வு வியப்பூட்டுவது. 1834இல் வழக்கறிஞர் உரிமம், 1836இல் மாநிலச் சட்டமன்றம், 1841இல், இருபத்தேழு வயதில், மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி, 1843இல் நாடாளுமன்றக் கீழவை, 1847இல் செனட். இடையில் 1838இல் ஒரு தோல்வி. லிங்கனின் வழக்குத்தொழில் கூட்டாளியான ஜான் ஸ்டூவர்ட்டிடம் 36 வாக்குகளில் கீழவை இடத்தை இழந்தார்.

உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். பெரிய தலை, அகன்ற தோள்கள், அவையை அதிரச் செய்யும் ஆழ்ந்த குரல். சிறிய பூதம் என்று நண்பரும் பகைவரும் ஒருங்கே அழைத்தனர். செனட்டில் காலடி வைத்த நாள்தொட்டு ஆட்சிப்பகுதிகள் குழுவின் தலைமை அவர் கையில் இருந்தது. மாநிலத் தகுதி பெறாத பரந்த மேற்கு நிலங்களின் அமைப்பு யாவும் அக்குழுவின் வழியாகவே உருப்பெற்றது. 1850இல் முதுபெரும் தலைவர் ஹென்றி கிளே ஒரே கட்டாகக் கட்டி முன்வைத்த சமரச மசோதா தோற்றபோது, அதைத் தனித்தனி மசோதாக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு பெரும்பான்மையைத் திரட்டி நிறைவேற்றியவர் டக்ளஸ். மேலவைக்குள் அவருக்கு நிகரான தந்திரி அந்நாளில் இல்லை.

மக்கள் இறைமை என்னும் சொல்

அமெரிக்காவை அப்போது இரண்டாகப் பிளந்து நின்ற கேள்வி, புதிய நிலங்களில் அடிமை முறை பரவலாமா கூடாதா என்பது. 1820ஆம் ஆண்டின் மிசூரி உடன்பாடு நிலப்படத்தின் குறுக்கே ஒரு கோடு கிழித்திருந்தது. அதற்கு வடக்கே, மிசூரி நீங்கலாக, அப்பரப்பில் அடிமை முறை இல்லை என்பது முப்பதாண்டு வழக்கு. 1854இல் டக்ளஸ் கொண்டுவந்த கான்சஸ்–நெப்ராஸ்கா சட்டம் அக்கோட்டை அழித்தது. அடிமை முறை வேண்டுமா என்பதை அந்தந்தப் பகுதியில் குடியேறிய மக்களே தீர்மானித்துக்கொள்ளட்டும் என்றார். அதற்கு அவர் கைக்கொண்ட பெயர் மக்கள் இறைமை.

கேட்பதற்கு இனிய சொல். குடியாட்சியை விரும்பும் எவர் அதை மறுப்பார்? ஆயினும் அதன் உள்ளே ஒரு கேள்வி விடையின்றி வைக்கப்பட்டிருந்தது. மக்கள் எப்போது தீர்மானிப்பார்கள்? குடியேறிய தொடக்கத்திலேயே அடிமை முறையை விலக்கலாம் என்று வடக்கு பொருள்கொண்டது. மாநிலமாகும் நாள்வரை விலக்க இயலாது என்று தெற்கு பொருள்கொண்டது. அந்நாள் வருமுன் அடிமைகளும் உடைமையாளர்களும் வேரூன்றிவிடுவர் அன்றோ? இரு சாராரும் வாக்களித்தனர். சட்டம் நிறைவேறியது. டக்ளசின் சிலேடை வென்றது.

வென்றதாகத் தோன்றியது என்பதே பொருந்தும். வடக்கு கொதித்தெழுந்தது. அவருடைய கொடும்பாவிகள் ஊர்தோறும் எரிந்தன. 1854 செப்டம்பரில் தம் சொந்த நகரான சிக்காகோவில் தம் செயலை விளக்க எழுந்தவரைக் கூட்டம் கூச்சலிட்டு அடக்கியது. அடிமை முறை பரவுவதை எதிர்ப்போர் ஒன்றுகூடிக் குடியரசுக் கட்சி என்னும் புதிய கட்சியைக் கண்டனர். கான்சஸில் இரு தரப்பும் துப்பாக்கி ஏந்தின.

இந்த இடத்தில் டக்ளசின் உள்ளத்தை மறைக்காமல் சொல்லவேண்டும். அடிமை முறை அறமா அன்றா என்ற கேள்வியே அவரை உறுத்தவில்லை. ஒரு பகுதி மக்கள் அதை ஏற்றாலும் தள்ளினாலும் தமக்கு ஒன்றே என்பதைக் கொள்கையாகவே அறிவித்தார். அரசு வெள்ளையரால் வெள்ளையருக்காக அமைந்தது என்று மேடைதோறும் முழங்கினார். 1847இல் அவர் மணந்த மார்த்தா மார்ட்டினின் தந்தை, மிசிசிப்பியில் நூற்றுக்கும் மேற்பட்ட அடிமைகளோடு கூடிய பண்ணையைச் சீராகத் தர முன்வந்தபோது டக்ளஸ் மறுத்தார். மறு ஆண்டு மாமனார் இறந்ததும் உயில்வழி அது மார்த்தாவுக்குச் சேர்ந்தது. மேற்பார்வையாளர் என்ற வகையில் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு டக்ளசுக்கு வந்தது. கைம்மாறாமல் வந்த கறை அது. 1853இல் மார்த்தா மறைந்தபின்னரும் அந்தத் தொடர்பு அற்றுவிடவில்லை.

தராசின் இரு தட்டுகள்

குடியரசுத் தலைவர் பதவி டக்ளசின் நெடுநாள் கனவு. 1852இல், முப்பத்தொன்பது வயதில், ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் ஆக முயன்று தோற்றார். 1856இல் மீண்டும் முயன்று, இறுதியில் ஜேம்ஸ் புக்கனனுக்கு வழிவிட்டார். அடுத்த முறை தம்முடையது என்று எண்ணுவதற்கு அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் 1860க்கு முன் ஒரு வாயிலைக் கடக்கவேண்டியிருந்தது. அவருடைய செனட் பதவிக்காலம் 1859 மார்ச்சில் முடிவடைந்தது.

இரண்டு பதவிகளுக்கும் திறவுகோல் வெவ்வேறு கைகளில் இருந்தது. செனட் இடத்தை அளிப்பது இல்லினாய்ச் சட்டமன்றம். அந்நாளில் செனட்டர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. அம்மாநிலத்தின் வட பாதியில் அடிமை முறையை வெறுப்போர் நாளும் பெருகிவந்தனர். குடியரசுத் தலைவர் வேட்புரிமையை அளிப்பதோ கட்சி மாநாடு. அங்கே மூன்றில் இரு பங்கு வாக்கு வேண்டும் என்பது விதி. தெற்கின் இசைவின்றி எவரும் அதை எட்ட இயலாது. ஒரு தட்டில் கையிலுள்ள இடம். மறு தட்டில் கனவிலுள்ள இடம். ஒன்றை உயர்த்தினால் மற்றது தாழும்.

1857இன் இறுதியில் சோதனை வந்தது. கான்சஸின் லெகாம்ப்டன் நகரில் கூடிய அடிமை ஆதரவாளர் பேரவை ஓர் அரசியலமைப்பை எழுதியது. அதை முழுமையாக ஏற்கவோ தள்ளவோ மக்களுக்கு வாய்ப்பளிக்கப்படவில்லை. எப்படி வாக்களித்தாலும் ஏற்கெனவே அங்கிருந்த அடிமைகள் அடிமைகளாகவே இருப்பர். பெரும்பான்மைக் குடியேறிகள் அவ்வாக்கெடுப்பைப் புறக்கணித்தனர். ஆயினும் புக்கனன் அதை ஏற்று, கான்சஸை மாநிலமாக்கக் காங்கிரஸை வேண்டினார்.

தலையசைத்திருந்தால் போதும், தெற்கின் நன்றி டக்ளசுக்கு 1860இல் கிட்டியிருக்கும். இல்லினாய் அவரைக் கைவிட்டிருக்கும். மறுத்தால் இல்லினாய் நிலைக்கும், தெற்கு பகைக்கும். டக்ளஸ் மறுத்தார். டிசம்பர் தொடக்கத்தில் வெள்ளை மாளிகையில் இருவரும் சந்தித்தனர். கட்சித் தலைமையை எதிர்த்தவர்களை ஆண்ட்ரு ஜாக்சன் எப்படி நசுக்கினார் என்பதைப் புக்கனன் நினைவூட்டினார். ஜாக்சன் இறந்துவிட்டார் என்பதை டக்ளஸ் திருப்பி நினைவூட்டிவிட்டு வெளியேறினார்.

மறுதேர்தல் கணக்கு மட்டுமே அவரை அவ்வாறு செய்வித்தது என்று கூறுவோர் உளர். கணக்கு இருந்தது உண்மை. கொள்கையும் இருந்தது என்பதும் உண்மை. மக்கள் தீர்மானிக்கட்டும் என்று நான்காண்டுகள் பேசியவர், மக்கள் தீர்மானிக்காத ஒன்றை அவர்கள் பெயரால் ஏற்றிருந்தால், அந்தச் சொல்லில் எஞ்சியிருந்த பொருளும் செத்திருக்கும். செனட் அந்த அரசியலமைப்பை ஏற்றது, கீழவை தடுத்தது. பின்னர் 1858 ஆகஸ்டில் கான்சஸ் மக்களிடமே விடப்பட்டபோது, 11,000க்கும் மேற்பட்டோர் எதிர்த்தும் 2,000க்கும் குறைவானோர் ஆதரித்தும் வாக்களித்தனர். புக்கனன் பழிவாங்கினார். டக்ளசின் பரிந்துரையால் பணியேற்ற அஞ்சலகத் தலைவர்கள் பலர் இல்லினாயெங்கும் பதவி இழந்தனர்.

ஏழு ஊர்கள், ஒரு கேள்வி

1858 ஜூனில் இல்லினாய்க் குடியரசுக் கட்சி லிங்கனைத் தன் செனட் வேட்பாளராக அறிவித்தது. ஏழு ஊர்களில் இருவரும் நேருக்கு நேர் வாதிடுவது என்று முடிவாயிற்று. முதலில் பேசுபவருக்கு ஒரு மணி நேரம், மறுப்பவருக்கு ஒன்றரை மணி நேரம், முதல்வருக்கு மீண்டும் அரை மணி நேரம். ஒலிபெருக்கி இல்லாத காலம், திறந்த வெளி, வண்டி கட்டியும் இருப்புப்பாதை வழியும் வந்து குவிந்த பல்லாயிரவர். ஒருபுறம் நேர்த்தியான உடையில் குள்ளமான டக்ளஸ், அடிவயிற்றிலிருந்து எழும் குரல். மறுபுறம் ஆறடி நான்கு அங்குல லிங்கன், உச்சத்தில் ஒலிக்கும் மெல்லிய குரல். சுருக்கெழுத்தாளர்கள் ஒவ்வொரு சொல்லையும் எழுதி நாளிதழ்களுக்கு அனுப்பினர். மேடைப்பேச்சு பேசிய ஊரோடு முடிந்துபோன காலம் அதனோடு முடிவுற்றது. வட இல்லினாயில் சொன்னதைத் தென் கரோலினா மறுவாரம் படித்தது.

இரண்டாம் வாதம் ஆகஸ்டு 27ஆம் நாள் மாநிலத்தின் வட கோடியிலுள்ள பிரீபோர்ட்டில், மேகம் மூடிய குளிர்ந்த நாளில் நடந்தது. லிங்கன் நான்கு கேள்விகள் தொடுத்தார். அவற்றுள் இரண்டாவதே கூர்மையானது. ஓர் ஆட்சிப்பகுதியின் மக்கள், மாநிலமாகுமுன், சட்டப்படி அடிமை முறையை விலக்க இயலுமா? ஓராண்டுக்கு முன் டிரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆட்சிப்பகுதிகளில் அடிமை முறையைத் தடுக்கக் காங்கிரஸுக்கே அதிகாரமில்லை என்று தீர்ப்பளித்திருந்தது. இயலாது என்றால் மக்கள் இறைமை வெறும் ஓசை. இல்லினாய் கைவிட்டுப் போகும். இயலும் என்றால் தெற்கு அதை வஞ்சகம் என்னும்.

டக்ளஸ் தயங்கவில்லை. இயலும் என்றார். தீர்ப்பு எதுவாயினும், உள்ளூர்க் காவல் விதிகளின் துணையின்றி அடிமை முறை ஒரு நாளும் நிலைக்காது. அத்தகைய விதிகளை இயற்ற மறுப்பதன் வழியாக மக்கள் அதை விலக்கிவிடலாம் என்பது அவர் விடையின் சாரம். புதிய விடையன்று, முந்தைய ஆண்டிலேயே ஸ்பிரிங்பீல்டில் கூறியிருந்தார். அப்போது தெற்கு காதில் போட்டுக்கொள்ளவில்லை. லெகாம்ப்டனுக்குப் பின் அவர் சொல்வதையெல்லாம் ஐயத்தோடு கேட்கத் தொடங்கியிருந்தது. நான்காண்டுகள் இரு பொருள் தந்த சொல் அன்று ஒரு பொருளோடு நின்றது.

அவ்வாதங்களில் லிங்கனும் அவைக்கேற்ப வளையாதவர் அல்லர். தென்பகுதி ஊர்களை நெருங்கியபோது, இரு இனங்களுக்கும் முழுச் சமத்துவம் தம் நோக்கமன்று என்று அவரும் சொன்னார். ஆயினும் அடிமை முறை தீங்கு என்ற ஒன்றில் அவர் இடம் மாறவில்லை. டக்ளஸ் ஏழு ஊர்களிலும் அந்த ஒன்றைத் தொடவே மறுத்தார். வாதத்தின் உயிர்நிலை அங்கேதான் இருந்தது.

நூறு நாட்களில் 5,000 மைல்களுக்கு மேல் சுற்றினார் டக்ளஸ். சிக்காகோ நிலங்களை அடகு வைத்துச் செலவு செய்தார். நவம்பர் தேர்தலில் குடியரசுக் கட்சி மொத்த வாக்குகளில் சற்றே முந்தியது. தொகுதிகள் பழைய மக்கள்தொகைக் கணக்கில் வகுக்கப்பட்டிருந்தமையால் சட்டமன்றத்தில் ஜனநாயகக் கட்சிக்கே பெரும்பான்மை. 1859 ஜனவரி 5ஆம் நாள் 54க்கு 46 என்ற கணக்கில் டக்ளஸ் மீண்டும் செனட்டரானார்.

அந்த வெற்றிக்கான கட்டணம் முன்கூட்டியே கேட்கப்பட்டது. தேர்தல் முடிந்ததும் தெற்கு நகரங்களில் பயணம் செய்து தம் நிலையை விளக்கிவிட்டு வாஷிங்டன் திரும்புமுன், 1858 டிசம்பரில், சொந்தக் கட்சியினரே ஆட்சிப்பகுதிகள் குழுவின் தலைமையைப் பறித்திருந்தனர்.

சார்ல்ஸ்டன் மாநாடு

1860இன் கட்சி மாநாடு தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் ஏப்ரல் 23ஆம் நாள் கூடியது. அன்று டக்ளசுக்கு நாற்பத்தேழு வயது நிறைந்தது. பிரீபோர்ட் விடையை முறியடிக்கும் வகையில், ஆட்சிப்பகுதிகளில் அடிமை உடைமைக்கு மைய அரசே காப்பளிக்கவேண்டும் என்று தெற்கு கோரியது. மாநாடு மறுத்தது. தென் மாநிலப் பேராளர் பலர் எழுந்து வெளியேறினர். எஞ்சியோர் 57 முறை வாக்கெடுத்தனர். ஒவ்வொரு முறையும் டக்ளசே முன்னின்றார்; பெரும்பான்மையும் கண்டார். மூன்றில் இரு பங்கு மட்டும் எட்டவில்லை.

ஜூனில் பால்டிமோரில் மீண்டும் கூடியபோது, கட்சியைக் காக்க வேறொருவர் வேண்டுமெனில் தம் பெயரை விலக்கிக்கொள்ளுமாறு தம் பொறுப்பாளர்களுக்கு அவர் கடிதம் எழுதினார். அவர்கள் அதைப் பயன்படுத்தவில்லை. வேட்புரிமை கிடைத்தது; கட்சி கிடைக்கவில்லை. பிரிந்துபோன தெற்கு ஜான் பிரெக்கின்ரிட்ஜை நிறுத்தியது. ஜான் பெல் நான்காமவராக நின்றார். குடியரசுக் கட்சியின் வேட்பாளர், இரண்டாண்டுகளுக்கு முன் டக்ளசிடம் தோற்ற லிங்கன்.

தட்டு மாறிய நாள்

வேட்பாளர் தாமே ஊர் ஊராகச் சென்று வாக்கு கேட்பது அந்நாளில் இழுக்கு எனக் கருதப்பட்டது. டக்ளஸ் அவ்வழக்கத்தை உடைத்தார். ஆகஸ்டில் வர்ஜீனியாவின் நார்போக் நகரில், லிங்கன் வென்றால் தென் மாநிலங்கள் பிரிந்துபோவது நியாயமா என்று கேட்டனர். நியாயமன்று என்றார். பிரிந்தால் அரசு அடக்கலாமா என்றும் கேட்டனர். சட்டத்தை நிலைநாட்டுவது தலைவர் எவராயினும் அவர் கடமை; அதற்குத் தாம் துணைநிற்பதாகச் சொன்னார். தெற்கின் வாக்கை இழப்பதற்கு அதைவிட நேரான வழி இல்லை. பிரீபோர்ட்டில் ஒரு கணக்கு இருந்தது. நார்போக்கில் கணக்கே இல்லை.

அக்டோபரில் அயோவாவின் சீடார் ராப்பிட்ஸ் நகரில் இருந்தபோது, பென்சில்வேனியா, இண்டியானா மாநிலத் தேர்தல்களில் குடியரசுக் கட்சி வென்ற செய்தி வந்தது. தம் தோல்வி உறுதி என்பதை அக்கணமே உணர்ந்தார். லிங்கனே அடுத்த தலைவர் என்றும், நாட்டைக் காக்க முயலவேண்டும் என்றும், தாம் தெற்கே போவதாகவும் செயலரிடம் கூறினார். இனி வாக்கு கேட்பதற்கில்லை. டென்னசி, ஜார்ஜியா, அலபாமா என்று பகை முகங்களினிடையே சென்று, தேர்தலின் முடிவை ஏற்குமாறு மன்றாடினார். தம்மைத் தோற்கடிக்கப்போகிறவரை ஏற்கும்படி, தம்மை வெறுக்கின்றவர்களிடம் வேண்டிய பயணம் அது. நவம்பர் 6ஆம் நாள் மொபீல் நகரில் முடிவை அறிந்தார். மக்கள் வாக்கில் ஏறத்தாழ 13,80,000 பெற்று இரண்டாமிடம். தேர்வாளர் வாக்கிலோ 12 மட்டும், நால்வரில் கடையிடம்.

1861 ஏப்ரலில் சம்ட்டர் கோட்டை வீழ்ந்ததும் 14ஆம் நாள் மாலை டக்ளஸ் வெள்ளை மாளிகைக்குச் சென்றார். 75,000 படைவீரரை அழைக்கும் அறிக்கையை லிங்கன் படித்துக்காட்டினார். இரண்டு இலட்சம் பேரை அழைக்கவேண்டும் என்பது மட்டுமே டக்ளஸ் சொன்ன மாற்றம். தம் ஆதரவை நாளிதழ்களுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு இல்லினாய் திரும்பி, அதே மாதம் 25ஆம் நாள் ஸ்பிரிங்பீல்டில் சட்டமன்றத்தின் முன் நின்று, கட்சி வேற்றுமை மறந்து நாட்டின் பக்கம் நிற்குமாறு தம்மவரை வேண்டினார். சிக்காகோவில் மே மாதத் தொடக்கத்தில் மீண்டும் பேசினார். அத்துடன் உடல் தளர்ந்தது. ஜூன் 3ஆம் நாள் நாற்பத்தெட்டாம் வயதில் கடன் சுமையோடு உயிர் நீத்தார்.

எஞ்சிய எழுத்து

சிக்காகோவில் அவர் கல்லறையில் 96 அடி உயர நினைவுச்சின்னம் நிற்கிறது. 2020இல் இல்லினாய்ச் சட்டமன்ற வளாகத்திலிருந்து அவர் சிலை அகற்றப்பட்டது. அதே ஆண்டு, சிக்காகோவில் அவர் பெயர் தாங்கிய பூங்கா, அடிமை நிலையிலிருந்து தப்பி வந்து உலகப் புகழ் பெற்ற நாவலராக உயர்ந்த பிரெடரிக் டக்ளஸுக்கும் அவர் மனைவி அன்னாவுக்கும் உரியதாக மாற்றப்பட்டது. இருவர் பெயரும் ஒலியில் ஒன்று; ஆங்கில எழுத்தில் பிரெடரிக்கின் பெயர் ஈற்று எழுத்து இரட்டித்து முடியும். பெயர்ப்பலகையில் ஓர் எழுத்தைச் சேர்த்தாலே போதுமானதாயிற்று. பிறப்பில் ஸ்டீபனுடைய குடும்பப் பெயரும் அவ்வாறே இரட்டித்து முடிந்தது. 1846 வாக்கில் அவர் தாமே அதை நீக்கிக்கொண்டார். அவர் உதறிய எழுத்து, அவர் பொருட்படுத்தாத மக்களில் ஒருவருடைய பெயராகத் திரும்பி வந்து அமர்ந்தது.

டக்ளஸ் கோழையல்லர், லெகாம்ப்டனிலும் நார்போக்கிலும் அவர் காட்டிய துணிவை எதிரிகளும் மறுக்கவில்லை. செனட் இடமா, தலைவர் பதவியா என்ற தராசை இரண்டாண்டுகள் திறமையோடு தாங்கிப் பிடித்தார். அத்தராசின் எந்தத் தட்டிலும் நாற்பது இலட்சம் அடிமைகளின் வாழ்வை அவர் வைத்து நிறுத்ததில்லை. இறுதி எட்டு மாதங்களில் இரு பதவிகளையும் மறந்து நாட்டை நிறுத்தபோது அவர் கை நடுங்கவில்லை. அப்போதும் அந்த எடைக்கல் வெளியேதான் கிடந்தது.